காந்தத்துக்கு அசையாத பச்சைப் பொடி

சென்ற மாதம் கல்லூரியிலிருந்து இயற்பியல் துறையின் இப்போதைய தலைவர் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் படித்தவர். துறை மலருக்குச் சண்முகத்தாய் மேடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

"நீங்கதான் சார் அப்ப அவுக கூடவே இருந்தீக. அந்த ஸ்பின் திரவம் கதையை நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்."

என் பணிக்காலம் முழுவதையும் அந்தக் கல்லூரியில்தான் கழித்தேன். என்னைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சரி என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்.

"பொறாமையோடதான் எழுதுவேன். திருத்தக் கூடாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டார் விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர்கள். அத்தா கடைக்கு வரச் சொன்னார்; நான் மதுரைக்குப் படிக்கப் போனேன். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., அப்புறம் சிவகாசிப் பக்கம் இந்தக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. தினமும் விருதுநகரிலிருந்து பஸ். வகுப்பு போக மிஞ்சிய நேரத்தில் காந்தப் பொடிகளைச் செய்து அளந்தேன். உலகத்தில் ஆயிரம் பேர் அளந்த பொடிகள். என் கட்டுரைகள் சிறு இதழ்களில் வந்தன. அவற்றைப் படித்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

அளவிடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்போதைய துறைத்தலைவர் தனுஷ்கோடி. குரலை உயர்த்தாத மனிதர். நாம் ஏதாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "இது நீங்க பார்த்ததா, நெனச்சதா?" என்று கேட்பார். பார்த்தது என்றால் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். நினைத்தது என்றால் துடைப்பது நிற்காது. பாராட்டுவதும் கிடையாது. அவருக்குக் கீழே நான் வேலை பார்த்த பதினைந்து வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "சரி, கதவைச் சாத்திட்டுப் போங்க."

எங்களிடம் இருந்த பெரிய கருவி ஒரு காந்தத் தராசு. பெரிய மின்காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே, பொடி அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய் நூலில் தொங்கும். நூலின் மறுமுனை தராசில். மின்சாரம் இல்லாமல் ஒரு எடை, மின்சாரம் போட்டு ஒரு எடை. காந்தம் பொடியைக் கீழே இழுத்தால் எடை கூடும். அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து பொடிக்குள் இருக்கும் அணுக்களின் குணத்தைக் கணக்கிட வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, சித்திரை வெயிலில் வேர்க்க வேர்க்க நிற்போம். அறைக்குள் வருமுன் சாவி, கடிகாரம், இடுப்பு வார் எல்லாவற்றையும் வாசலில் உள்ள மரத்தட்டில் போட்டாக வேண்டும். தனுஷ்கோடி சார் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் ஒரு நாள், அந்த வாசலில் வேதியியல் துறை விரிவுரையாளர் சண்முகத்தாய் வந்து நின்றார். ஏழாயிரம்பண்ணைக்காரர். அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் பட்டாசு ஆலைத் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பல்கலைக்கழகத்தில் ஒரு கைடிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். கையில் ஒரு சிறு குப்பி, அதில் பச்சைப் பொடி.

"புடவையில ஊக்கு இருக்காம்மா?" என்றார் தனுஷ்கோடி சார்.

தோளிலிருந்த ஊக்கை எடுத்துத் தட்டில் போட்டார். முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, குப்பியை என்னிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

சிவகாசி பிரவுசிங் சென்டரில் வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரை ஒன்றை அச்செடுத்துப் படித்திருக்கிறார். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு பச்சைப் படிகம் பற்றியது. துத்தநாகத்துக்குப் பதில் மெக்னீசியம் வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. திருத்தங்கலில் வாண வேடிக்கைக்கு நீலத் தீ வருவதற்காக விற்கும் செம்பு உப்பை வாங்கி, தானே மறுபடி மறுபடி கரைத்துச் சுத்தம் செய்து, மூடிய எஃகுக் குப்பியில் நாள்கணக்கில் வேகவைத்து இந்தப் பொடியை எடுத்திருக்கிறார்.

"இது உறையுமா உறையாதான்னு தெரியணும் சார்" என்றார்.

படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பொடியில் உள்ள ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அந்தக் காந்தத் தன்மையைத்தான் ஸ்பின் என்கிறோம். இவை பக்கத்தில் இருப்பதற்கு எதிர்த்திசையில் நிற்கவே விரும்பும். சாதாரணப் பொருளைக் குளிர வைத்தால், ஒன்று மேலே அடுத்தது கீழே என்று ஒழுங்காக நின்று உறைந்துவிடும். ஆனால் இந்தப் படிகத்தில் செம்பு அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டில் ஒன்றுக்கு எதிர்த்திசையில் நிற்க முடியாது. இதனால் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசைந்துகொண்டே இருக்கலாம் என்று கோட்பாடு சொல்கிறது. அதற்குத்தான் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று பெயர். பொடி கைக்குத் திடமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் காந்தங்கள்தான் திரவம்.

சண்முகத்தாய் இதை வகுப்பில் சொல்லும் விதமே வேறு. மூன்று மாணவிகளை எழுப்பி முக்கோணமாக நிற்கவைத்து, "பக்கத்துல நிக்கிறவளுக்கு எதிர்ப்பக்கமா பாருங்க பாப்போம்" என்பார். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து மாட்டிக்கொண்டு சிரிப்பார்கள். வகுப்பே சிரிக்கும். அடுத்த அறையில் நான் பல வருடங்களாகக் காந்தவியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை.

தராசில் நான்தான் அளந்தேன். சாதாரண வெப்பத்தில் ஒருமுறை. கால்நடை மருத்துவமனையில் பழக்கமான டாக்டரிடம் திரவ நைட்ரஜன் கேட்டு வாங்கி, குளிரவைத்து ஒருமுறை. மாடுகளுக்குச் சினை ஊசி மருந்தைப் பாதுகாக்க அங்கே அது வரும். குடுவையை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தது நான். வந்த எண்களைக் கணக்குப் போட்டபோது, செம்பு அணுக்களுக்குள் இந்த எதிர்த்திசைப் பகை மிகக் கடுமையானது என்று தெரிந்தது. அவ்வளவு பகை உள்ள பொருள் எப்போதோ உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை.

தனுஷ்கோடி சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே, "அருமையான வேலைம்மா" என்றார்.

அவரிடமிருந்து "அருமை" என்ற சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தராசுக்கு முன்னால் உள்ள தன் நாற்காலியையும் சண்முகத்தாய்க்கு இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

சில வாரங்களில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வந்தது. பட்டாசுத் தொழிலாளியின் மகள் புதுப்பொருள் கண்டுபிடித்தார் என்று. கடைசி வரியில், இயற்பியல் துறையினர் உதவினர் என்று போட்டிருந்தது. அந்தத் துறையினர் நான்தான்.

"அதுக்குள்ள பேப்பரை மடிச்சு வச்சிட்டீக? முழுசாப் படிச்சீகளா?" என்றாள் என் மனைவி ஆயிஷா.

"படிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லாததுக்கா முகம் இப்படி இருக்கு?"

அந்த முகத்தோடுதான் அடுத்த ஒரு வருடம் கல்லூரிக்குப் போனேன்.

சிக்கல் வடக்கேயிருந்து வந்தது. திரவ ஹீலியத்தில் குளிரவைத்து அளக்கும் பொது ஆய்வு மையம் ஒன்று அங்கே உண்டு. சண்முகத்தாய் அனுப்பிய பொடியைச் சிறிய காந்தப்புலத்தில் அளந்து முடிவை அனுப்பியிருந்தார்கள். அதை அவர் எங்கள் துறையில் மேஜைமேல் விரித்தார். உறைந்ததற்கான அடையாளம் இல்லை. ஆனால் மிகக் குளிர்ந்த பகுதியில் காந்தத்தன்மை திடீரென்று மேலே ஏறியிருந்தது.

"இந்த ஏத்தந்தான் சார் திரவத்தோட குணம். இதைத்தான் நான் எழுதப் போறேன்" என்றார்.

தனுஷ்கோடி சார் என் பக்கம் திரும்பினார். "காதர், நீங்க என்ன சொல்றீக?"

நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது அசுத்தம் சார்" என்றேன். "மெக்னீசியம் இருக்க வேண்டிய இடத்துல கொஞ்சம் செம்பு போய் உக்காந்திருக்கும். கூட்டத்துல சேராத உதிரி. இல்லன்னா இரும்பு கலந்திருக்கும். பட்டாசுக் கடைச் சரக்குல செஞ்ச பொடிதானே. அந்த உதிரி ஆட்டம் போடறதைப் பார்த்து இவுக திரவம்ங்கிறாக."

பட்டாசுக் கடை என்று நான் சொன்னபோது சண்முகத்தாயின் முகம் மாறியது. ஆனால் பேச்சு மாறவில்லை.

"எப்படிச் சோதிக்கலாம், சொல்லுங்க சார்."

"பெரிய காந்தப்புலம் போடணும். உதிரியா இருக்கிற காந்தம் எதையும் பெரிய புலம் ஒரே பக்கமாத் திருப்பி அடக்கிப்போடும். அப்புறம் ஏத்தம் இருக்காது. உங்க திரவம் மிச்சம் இருக்குதா இல்லையான்னு அப்பத் தெரிஞ்சுபோகும்."

"போடுவோம் சார். எம்புட்டு வேணும்னாலும் போடுங்க."

கேள்வி சரியானது. கட்டுரையைச் சோதிக்கும் எந்த ஆய்விதழ் நடுவரும் அதைத்தான் கேட்டிருப்பார். பொறாமையில் கேட்டதால் கேள்வி கெட்டுப்போகாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த ஏற்றத்தோடு சேர்ந்து அவருடைய திரவமும் காணாமல் போகும் என்று எதிர்பார்த்தேன் என்பதும் உண்மை. போனால் அவருடைய பட்டமும் அதோடு போகும்.

மையத்தில் இரண்டு நாள் ஒதுக்கினார்கள். ஒன்பது டெஸ்லா வரைக்கும் போகிற காந்தம். எங்கள் கல்லூரிக் காந்தத்தைப் போலப் பத்து மடங்குக்குமேல் வலு. அவர் போவதாக ஏற்பாடு. ரயில் ஏறுவதற்கு முந்தின நாள், பேச்சியம்மாள் வேலை பார்த்த ஆலையில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. உயிர் பிழைத்துவிட்டார். இரண்டு கைகளும் வெந்துபோய் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து பஸ் பிடித்துச் சண்முகத்தாய் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. புடவை கசங்கியிருந்தது. ஆயிஷா அவரை உட்கார வைத்து இட்லி கொடுத்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார்.

"தேதியை மாத்த முடியாதுன்னுட்டாக சார். நீங்க போயிட்டு வாங்க."

எனக்குப் புரியவில்லை. "நானா? உங்க கைடுகிட்டச் சொல்லி வேற யாரையாச்சும் அனுப்புங்களேன்."

"வேற யாரு போனாலும் எனக்குச் சாதகமா ஒண்ணு ரெண்டு விட்டுக் குடுத்துருவாக. பாவம், அம்மா ஆஸ்பத்திரியில கெடக்குன்னு. நீங்க விடமாட்டீக."

நான் குப்பியை வாங்கிக்கொண்டேன்.

"என்மேல நீங்க எரிச்சல்ல இருக்கீகன்னு எனக்குத் தெரியும் சார். அதான் உங்ககிட்டக் குடுக்கேன். நீங்க பார்த்து இருக்குன்னு சொல்லிட்டா, அப்புறம் உலகத்துல எவனும் இல்லன்னு சொல்ல முடியாது."

அவர் போனபிறகு ஆயிஷா, "அந்தப் புள்ளைக்கு உங்கமேல எம்புட்டு நம்பிக்கை பாத்தீகளா" என்றாள்.

"நம்பிக்கை இல்ல, கணக்கு" என்றேன். அந்த நிலைமையிலும் அவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட முடிகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

மதியமே விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். சட்டைப்பையில் குப்பி. வழிநெடுக கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

மையத்தில் கருவியை இயக்கிய பொறியாளர் அவசரக்காரர். நான் அவசரப்படவில்லை. எஃகு இடுக்கி வேண்டாம் என்று பிளாஸ்டிக் இடுக்கி கேட்டு வாங்கினேன். பொடியை மூன்று தடவை எடை போட்டு, மாத்திரைக் கூட்டில் அடைத்து, குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா ஒன்றுக்குள் நடுவில் நிறுத்தினேன். உலகம் முழுக்க அப்படித்தான் வைக்கிறார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிக்குள் அந்த ஸ்ட்ரா இறங்கியபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

முதலில் இரும்பைத் தேடினேன். குளிரவைக்காமலேயே புலத்தை ஏற்றி இறக்கினேன். இரும்புத்துகள் இருந்தால் போன வழியில் திரும்பி வராமல் கோடு விலகும். விலகவில்லை. நேர்கோடு. இரும்பு இல்லை. பட்டாசுக் கடைச் சரக்கு என்று நான் சொன்னது அந்தக் கோட்டில் முடிந்துபோனது.

அடுத்து, புலம் இல்லாமல் குளிரவைத்து, பிறகு சிறிய புலம் கொடுத்து, சூடேற்றிக்கொண்டே ஒரு கோடு. புலத்தை வைத்தபடியே குளிரவைத்து இன்னொரு கோடு. காந்தங்கள் கண்டபடி உறைந்திருந்தால் ஓரிடத்தில் இரண்டு கோடும் பிரியும். பிரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. ஆனால் அந்த ஏற்றம் அப்படியே இருந்தது.

இரண்டாம் நாள் மதியம், போக முடிந்த கடைசிக் குளிரில் நிறுத்தி, புலத்தைப் படிப்படியாக ஏற்றினேன். கோடு முதலில் விறுவிறுவென்று மேலே போனது. பிறகு வளைந்தது. அதற்குமேல் சாய்வு குறைந்து நேர்கோடாக ஓடியது. வளைந்த இடத்தில் உதிரிச் செம்பு எல்லாம் புலத்தின் பக்கம் திரும்பி அடங்கிவிட்டன. நூற்றில் சில பங்குதான். நான் சொன்னது சரி. ஏற்றம் திரவத்துடையது இல்லை, உதிரியுடையது.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. மறைக்க மாட்டேன்.

அந்தப் பெரிய புலத்தை வைத்துக்கொண்டே வெப்பத்தை மாற்றி மறுபடி அளந்தேன். உதிரியின் சத்தம் அடங்கியபின் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஏற்றம் போயிருந்தது. கோடு தணிந்து, சமமாக, கடைசிக் குளிர்வரை எந்த முறிவும் இல்லாமல் போனது. ஒன்பது டெஸ்லாவும் அந்த முக்கோணங்களை ஒன்றும் செய்யவில்லை. உதிரிகள் புலத்துக்கு அடிபணிந்தன. ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தவை புலத்துக்கு அசைந்து கொடுக்கவில்லை, உறையவும் இல்லை.

அவருடைய கோட்டில் இருந்த ஒரே அழுக்கை நான் என் கையால் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

"ரிசல்ட் சரியில்லையா?" என்று பொறியாளர் கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றேன்.

வெளியே போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சண்முகத்தாயின் செல்போனுக்கு அழைத்தேன். ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"நீங்க சொன்ன ஏத்தம் அசுத்தந்தான்."

அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"மிச்சம் சார்?" என்றார், மிக மெதுவாக.

"மிச்சம் அப்படியே இருக்கு. கடைசிவரைக்கும் புலம் போட்டுட்டேன். அசையல. இரும்பும் இல்ல."

பின்னால் பேச்சியம்மாள் என்ன என்று கேட்டதும், இவர் பதில் சொன்னதும் காதில் விழுந்தது. "அம்புட்டுப் பெரிய காந்தம் வச்சும் அசையலையாம், அம்மா." அதற்கு அந்த அம்மாள், "அசையலைன்னா நல்லதா கெட்டதா?" என்றார். சண்முகத்தாய் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னார். நான் போனை வைத்தேன்.

கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. அவர் பெயர் முதலில், கைடு பெயர் கடைசியில், என் பெயர் நடுவில். ஸ்பின் திரவத்தைக் கண்டுவிட்டோம் என்று எழுதவில்லை. தனுஷ்கோடி சார் விடவில்லை. இவ்வளவு குளிர்வரை, இவ்வளவு புலம்வரை உறையவில்லை என்று மட்டும் எழுதினோம். அது போதுமானதாக இருந்தது. கடிதங்கள் வந்தன. எல்லாம் அவர் பெயருக்கு. சிலர் அந்தக் காந்தப்புலச் சோதனையைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்கள். அதற்கும் பதில் எழுதியது அவர்தான்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகத்தில் நடந்தது. நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், சிறிய புலத்தில் ஒன்று, பெரிய புலத்தில் ஒன்று என்று என் கோடுகள் இரண்டும் திரையில் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"இந்தச் சோதனைதான் இதுல உயிர். இது யாருக்குத் தோணிச்சு?"

சண்முகத்தாய் கையை நீட்டினார். "அங்கன பின்னால உக்காந்திருக்காகளே, காதர் சார். என்னைத் தோக்கடிக்கணும்னு கேட்ட கேள்வி சார் அது."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அப்படியா சார்?" என்றார் தேர்வாளர்.

எழுந்து நின்றேன். வேறு என்ன சொல்ல? "ஆமா சார்" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. தேர்வாளர் எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். என் வேலைக்காக ஓர் அரங்கம் திரும்பிப் பார்த்தது அன்று ஒருநாள்தான். அதையும் அவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

முடிந்து வெளியே வந்தபோது, வராந்தாவில் பேச்சியம்மாள் நின்றிருந்தார். கைகளின் தோல் இறுகி மினுமினுத்தது. விரல்களை முழுக்க மடக்க முடியவில்லை. யாரோ கொடுத்த லட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்திருந்தார்.

"நீங்கதான் காதர் சாரா?"

"ஆமாம்மா. கை இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு. உங்களைப் பாக்கணும்னுதான் நின்னேன். வீட்டுல தெனமும் உங்க பேச்சுதான். ஏசிக்கிட்டே கெடப்பா."

"ஏசத்தானே செய்வாக. நான் பேசினது அப்படி."

"நீங்க பேசினதுக்கு இல்ல சார்" என்றார் அந்த அம்மாள். "உங்க கைக்கு. 'அந்த மனுசன் தராசு முன்னால நின்னா முள்ளு ஆடவே மாட்டேங்குதும்மா, நான் உக்காந்தா ஒரு எண்ணு நிக்க மாட்டேங்குது. எனக்கு அந்தக் கை வரலையே'ன்னு பொலம்புவா. உங்களைப் பாத்து வயிறெரிஞ்சு ஒருநா சோறுகூடத் திங்கல சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் சண்முகத்தாய் கழுத்தில் மாலையோடு, நாலு பேருக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அமைதியான முகம். இத்தனை வருடம் தினமும் நான் பார்த்த அதே முகம்.

அவருக்கும் என்மேல் பொறாமை இருந்தது என்று தெரிந்தபின் என் பொறாமை தணிந்துவிட்டதா என்று ஆயிஷா அன்றைக்கு வீட்டில் கேட்டாள். இல்லை, கூடிவிட்டது என்றேன். என்னுடையது கல்லூரிக்கே தெரியும். அவர் அதை முகத்தில் ஒரு துளிகூடக் காட்டாமல் வைத்திருந்தாரே.